மஞ்சள் ஒயரை வெட்டியது யார்

போன மாதம் எங்கள் ஆபீஸில் ஒரு நெட்வொர்க் கேபிள் அறுந்து பாதி மாடிக்கு வேலை நின்றுபோனது. மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் அறுந்த முனையைக் கண்டுபிடித்தவள் தீபா. சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகிறது, என் டீமில் எல்லோரையும்விட இளையவள். முனையை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"பாருங்க சார், கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. தரை துடைக்க வர்றவங்க வேலைதான். கம்ப்ளெய்ன்ட் மெயில் போட்டுடறேன்."

நான் கேபிளை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். "பார்த்தியா, நெனச்சியா?"

"என்ன சார்?"

"வெட்டினதைப் பார்த்தியா, வெட்டியிருப்பாங்கன்னு நெனச்சியா?"

"அதான் முனையே சொல்லுதே சார்."

"முனை ஒண்ணும் சொல்லாது. மெயில் போடாதே."

ஏன் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப்போனது, மீட்டிங் வந்தது, பாதியில் நின்றது. பாதியில் நின்ற எதுவும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்தி நாலு வயது. ஒரு தொழிலிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. சிரிக்க வேண்டாம், ஓய்வேதான். பன்னிரண்டு வருஷம் இங்கே கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கத்தில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் ஸ்டீரியோ பொருத்தினேன். அதைவிட அதிகமாக, அடுத்தவர்கள் பொருத்திக் கெடுத்ததைச் சரிசெய்தேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஒயரும் கனெக்டரும்தான் வேலை. பிசிக்ஸ் பட்டம் கையில் இருந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, ஊரிலிருந்து யார் வந்து கேட்டாலும், "பையன் கார்ல பாட்டு வரவைக்கறான்" என்பார். அதைப் பெருமையாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. எனக்கென்னவோ அந்த வேலை பிடித்திருந்தது. உட்கார வேண்டியதில்லை. குனி, படு, நிமிர், ஓடு. ஒரு காரை முடித்தால் அடுத்த கார் தெருவில் நின்று ஹாரன் அடிக்கும்.

கற்றுக்கொண்ட கதை ரொம்பச் சின்னது. முதல் வாரம் கலர்களை மனப்பாடம் செய்தேன். மஞ்சள், பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வருவது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும். கறுப்பு, எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா நாலும் நாலு ஸ்பீக்கருக்கு. இரண்டாவது வாரம் ஒரு காரைத் திறந்தேன், உள்ளே பத்து ஒயரும் சிவப்பு. அன்றைக்குக் கடையில் கிடைத்த சுருளை எவனோ முழுசும் ஓட்டியிருந்தான். அத்தோடு என் மனப்பாடம் காலி. அதற்கப்புறம் ஒவ்வொரு ஒயரையும் கேட்டுக் கேட்டுத்தான் பேர் வைத்தேன். ஸ்பீக்கர் ஒயரைக் கண்டுபிடிக்க டார்ச்சுக்குப் போடும் பென்சில் செல் ஒன்று போதும். இரண்டு முனையையும் செல்லில் தொட்டால் எங்கோ ஒரு கதவில் 'டப்' என்று சத்தம் வரும். ஸ்பீக்கரின் காகிதம் வெளியே தள்ளினால் பிளஸ் சரி, உள்ளே இழுத்தால் மாற்றிப் பிடித்திருக்கிறோம். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் செட் பாடும், ஆனால் வண்டியை நிறுத்தியதும் ஸ்டேஷன், மணி எல்லாவற்றையும் மறந்துவிடும். அப்படி மறக்கிற செட்டுகள் மாதத்துக்கு நாலைந்து வரும்.

மழைக்காலம் வேறு ரகம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று வடிந்த மூன்றாம் நாள், கனெக்டருக்குள் பித்தளைப் பின்கள் பச்சை பூத்திருக்கும். பழைய பல்துலக்கியும் ஸ்பிரிட்டும் வைத்துத் தேய்ப்பேன். தேறாத பின்னை வெட்டி எறிந்து புதிதாக ஒன்று போட்டு, ஈயம் வைத்து, மேலே சுருங்கும் ரப்பர் குழாயை ஏற்றிச் சூடு காட்டுவேன். கறுப்பு டேப் சுற்றினால் கல்கத்தா வெயிலில் அது பாகாக உருகி அடுத்த ஆள் விரலெல்லாம் ஒட்டும்.

கடையை நடத்தியவர் ஷெஃபாலிதி, அதாவது ஷெஃபாலி அக்கா. என்னைவிட ஆறு வயதுதான் கூட. கடை அவர் அண்ணன் பேரில் இருந்தது. அண்ணன் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். ஷெஃபாலிதி ஸ்க்ரூடிரைவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று வழக்கம் வைத்திருந்தார், மூன்றிலும் அசைய மாட்டார். ஒன்று, வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும், வண்டி கொண்டு வந்தவரே உள்ளே உட்கார்ந்து ஹாரன், லைட், வைப்பர், செட் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு, காரிலிருந்து வெட்டி எடுத்த ஒயர்த் துண்டை அந்தக் காரின் வேலைச் சீட்டிலேயே ஒட்டி, கல்லாவுக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைக்க வேண்டும். மூன்றாவது ஒரு கேள்வி. நான் ஓடிவந்து, "தீதி, அந்தக் கார்ல எர்த் போயிருக்கு" என்றால், தலை தூக்காமல் கேட்பார்: "தேகேச்சோ, நா பேபேச்சோ?" பார்த்தாயா, நினைத்தாயா. கோபமே இருக்காது. சர்க்கரை வேணுமா என்று கேட்கிற குரல். அந்தக் குரல்தான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தும், ஏனென்றால் பத்தில் ஆறு தடவை நான் நினைத்திருப்பேன். இனி இங்கே அவர் பேசுவதைத் தமிழில் எழுதுகிறேன், நாங்கள் பேசியது வங்காளத்தில்.

இன்னொரு விதி தொழிலுடையது, கடையுடையதல்ல. செட் உட்காருவதற்கு டாஷ்போர்டு ஓட்டையில் ஒரு தகரக் கூடு போடுவோம். அதன் நாக்குகளை ஸ்க்ரூடிரைவரால் மடக்கினால் கூடு இறுகும். ஒயரை எல்லாம் பின்னால் மடித்து வைத்துவிட்டு, செட்டை உள்ளே தள்ளுவது இரண்டு விரலால். உள்ளங்கை தேவைப்பட்டால் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். பொருத்துகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது வருஷம். மழை ஓய்ந்து, விஸ்வகர்மா பூஜைக்கு ஒரு வாரம் இருந்தது. ரகுநாதன் சார் வந்தார். மத்திய அரசு அதிகாரி, மதுரைப் பக்கம், மாற்றலாகி வந்து அலிப்பூர் குவார்ட்டர்ஸில் இருந்தார். சின்ன வெள்ளைக் கார். பங்குனியில் நான்தான் அதில் செட் போட்டிருந்தேன். கூட அவருடைய டிரைவர் நிமாய்தா, நிமாய் அண்ணன் என்று அர்த்தம். நாற்பது வயது, எப்போதும் சட்டைப்பையில் சீப்பு.

"தம்பி, ரெண்டு நாளா செட்டுக்கு உயிரே இல்ல. என்னன்னு பாரு."

ஷெஃபாலிதி சரக்கு எடுக்க, கல்கத்தாவிலேயே இருக்கிற சாந்தினி சௌக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். வெளியே இன்னும் மூன்று கார் நின்றது. நான் செட்டை வெளியே இழுத்தேன். மஞ்சள் ஒயர் இரண்டு துண்டாகத் தொங்கியது. ஃபியூஸும் போயிருந்தது. அந்தக் காலத்தில் செட் திருட்டு சர்வசாதாரணம். திருடனுக்குக் கனெக்டரைக் கழற்றப் பொறுமை இருக்காது, கொத்தாகப் பிடித்து அறுத்துவிடுவான். பிளேடு பட்ட முனைகளை நான் நூற்றுக்கணக்கில் பார்த்தவன். இந்த முனையும் அப்படித்தான் மழமழவென்று இருந்தது. ஒரு நிமிஷத்தில் என் மண்டையில் கதை முழுசாக ஓடிவிட்டது: வெட்டும்போது பிளேடு தகரத்தில் இடித்திருக்கிறது, ஷார்ட் ஆகியிருக்கிறது, ஃபியூஸ் போயிருக்கிறது. எல்லாம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது.

"யாரோ வெட்டியிருக்காங்க சார்" என்றேன்.

"வெட்டியா? செட் அப்படியே இருக்கே, வெளியில எடுக்காம எப்படி வெட்ட முடியும்?"

"கால் வைக்கற இடத்துல குனிஞ்சு, கீழேர்ந்து கை விட்டா எட்டும் சார். தெரிஞ்சவனா இருந்தா ரெண்டு நிமிஷ வேலை."

தெரிஞ்சவனா இருந்தா. அதை நான் சேர்த்திருக்க வேண்டியதே இல்லை. கெட்டிக்காரத்தனம் காட்ட ஒரு வாய்ப்பு, விடவில்லை.

ரகுநாதன் சார் முகம் மாறியது. போன வாரம்தான் நிமாய்தாவைத் திட்டியிருந்தாராம், ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நாள் முழுக்கப் பாட்டுப் போட்டு பேட்டரியைத் தீர்த்ததற்காக. தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டார். பாதி இந்தி, பாதி வங்காளம். நிமாய்தா முதலில் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஷொங்கர், நீ சொல்லு. நான் வெட்டினேனா?"

"யாரு வெட்டினாங்கன்னு எனக்குத் தெரியாது தாதா. வெட்டு மட்டும்தான் தெரியும்."

இந்தப் பதிலுக்காகவும் நான் அப்போது உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். எவ்வளவு நியாயமான பதில்.

சார் கையை நீட்டினார். நிமாய்தா சாவியை வளையத்திலிருந்து கழற்றினார். அதில் சின்னதாக ஒரு காளி டாலர் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சாவியை மட்டும் கொடுத்தார். நான் ஒயரைச் சேர்த்து, புது ஃபியூஸ் போட்டு, இந்த முறை வேறு வழியாக மடித்து உள்ளே தள்ளினேன். சார் தானே ஓட்டிக்கொண்டு போனார், முனை திரும்புவதற்குள் இரண்டு தடவை இன்ஜின் அணைந்தது. நிமாய்தா டிராம் லைனைத் தாண்டி நடந்து போனார். அலிப்பூர் ஸ்டாண்டில் டிரைவர்களுக்குள் தெரியாத செய்தி கிடையாது. எஜமானர் வண்டியில் கை வைத்தவன் என்று ஒருமுறை பேர் வந்தால் வேறு யாரும் ஸ்டேரிங் தரமாட்டார்கள். இது எனக்குத் தெரியும்.

மாலையில் ஷெஃபாலிதி சீட்டைப் பார்த்தார். மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது, பக்கத்தில் என் கையெழுத்தில் 'வெட்டப்பட்டது'.

"பார்த்தியா, நெனச்சியா?"

"பார்த்தேன்" என்றேன்.

முனையைத்தான் பார்த்தேன். வெட்டியதைப் பார்த்ததாகச் சொன்னேன். அவர் சீட்டைக் கம்பியில் குத்தினார்.

விஸ்வகர்மா பூஜை வந்தது. கல்கத்தா முழுக்கக் கருவிகளுக்கு ஓய்வு, வானம் முழுக்கப் பட்டம், டாக்ஸி, லாரி, ரிக்‌ஷா எல்லாவற்றுக்கும் மாலை. எங்கள் வீட்டில் அடுத்து நவராத்திரியில் ஆயுத பூஜை வேறு வரும். கடையில் எனக்கு மட்டும்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்க்ரூடிரைவரைத் தொடாத நாள். தொடாமல் இருப்பது எனக்கு எப்போதுமே தண்டனை. அந்த வருஷம் என்னவோ இன்னும் கால் தரிக்கவில்லை. மொட்டை மாடிக்கும் தெருவுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன்.

அதற்கடுத்த வாரம், ஒரு சனிக்கிழமை காலை. துர்கா பூஜை நெருங்கிவிட்டது, கடையில் நிற்க இடமில்லை. அதே மாதிரி இன்னொரு சின்னக் கார், புது செட். ஒயரை மடித்தேன், தள்ளினேன். கடைசி அரை அங்குலத்தில் ஒரு சின்ன இடிப்பு. பழக்கத்தில் உள்ளங்கை தானாகப் போனது.

கை அங்கேயே நின்றுவிட்டது. இந்த இடிப்பு எனக்குத் தெரியும். பங்குனி வெயிலில், வெள்ளைக் காரில், இதே இடத்தில், இதே உள்ளங்கை.

செட்டை இழுத்தேன். கூட்டின் பின்பக்க நாக்கு ஒன்று உள்ளே மடங்கி நின்றது. மஞ்சள் ஒயர் அதற்கும் செட்டுக்கும் நடுவில் மாட்டி, மேல் ரப்பரில் ஒரு கோடு விழுந்திருந்தது. நான் அப்படியே ஓடி, கம்பியிலிருந்து சீட்டுகளை உருவினேன். பாதி தரையில் கொட்டியது.

"என்ன ஆச்சு?" என்றார் ஷெஃபாலிதி.

ரகுநாதன் சாரின் சீட்டு. கடையில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு, எப்போதோ தேவைப்படும். மஞ்சள் துண்டை அதன் கீழே வைத்தேன். முனையில் இழைகள் எல்லாம் நசுங்கித் தட்டையாக இருந்தன. மூன்று இழை மட்டும் ஊசியாக நீண்டு மெலிந்திருந்தது. பிளேடு பட்ட இழை நீளாது. இழுத்து அறுந்த இழைதான் நீளும். ஆறு மாதம் குழியிலும் டிராம் லைனிலும் குலுங்கிக் குலுங்கி அந்தத் தகர நாக்கு ஒயரைத் தின்றிருக்கிறது, எர்த்தில் பட்டு ஃபியூஸைப் போக்கியிருக்கிறது. மிச்சமிருந்த மூன்று இழை, அன்றைக்கு நான் செட்டை வெளியே இழுத்தபோது அறுந்தது. வெட்டியது நான். அறுத்ததும் நான்.

ஷெஃபாலிதி கண்ணாடி வழியாகக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"நான் இப்பவே அலிப்பூர் போறேன் தீதி."

"இந்த வண்டியை முடி."

"தீதி..."

"ஒழுங்கா முடி. ஒருத்தருக்குப் பண்ணினதைச் சரிசெய்யப் போய் இன்னொருத்தருக்குப் பண்ணாதே."

என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒன்றரை மணி நேரம் கிடையாது. இடது ஸ்பீக்கரை வலதில் கொடுத்தேன், கழற்றினேன், திரும்பவும் தப்பாகவே கொடுத்தேன். கடைசியில் நாக்கை நிமிர்த்தி, ஒயரை மேல்பக்கம் கட்டி, இரண்டு விரலால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது. பங்குனியில் இதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிஷம்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. சேத்லா பாலம் வழியாக நடந்தே போனேன், பாதி தூரம் ஓடினேன். சட்டைப்பையில் சீட்டு, கையில் டார்ச். ரகுநாதன் சார் பனியனோடு கதவைத் திறந்தார்.

"என்ன தம்பி, நீ இங்க?"

"சார், உங்க வண்டியை ஒருதடவை திறக்கணும். ஒண்ணை நெனச்சேன். பார்க்கணும்."

போர்ட்டிகோவில் செட்டை இழுத்து டார்ச் அடித்தேன். நாக்கின் விளிம்பில் கடுகளவு கரி, பக்கத்தில் செம்பு தேய்ந்த பளபளப்பு. சாரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். முழுசும் சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

"அப்போ அன்னிக்கு நீ சொன்னது?"

"தப்பு சார். செட் போட்டதே நான்தான். என் கை பண்ணினது."

அவர் கார் மேல் சாய்ந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"எனக்கும் அவன் மேல எரிச்சல் இருந்துது. நீ சொன்னது தோதா அமைஞ்சுபோச்சு" என்றார். பிறகு, "திங்கட்கிழமை அவனை வரச் சொல்லிடு."

"நீங்களே வந்து சொன்னாத்தான் சார் சரியா இருக்கும்."

ஒரு அதிகாரியிடம் அப்படிப் பேச எனக்கு எங்கிருந்து வந்ததோ. அவர் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

நிமாய்தா சேத்லாவில் தன் பேட்டையில் துர்கா பூஜைப் பந்தலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தார். ஏணியின் உச்சியில், உதட்டில் நாலைந்து குண்டூசி. எங்களைப் பார்த்தும் இறங்கவில்லை. கீழே பேட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். ரகுநாதன் சார் அண்ணாந்து, தனக்குத் தெரிந்த வங்காளத்தில், தப்பு நடந்துவிட்டது, ஒயரை யாரும் வெட்டவில்லை, வேலைக்கு வந்துவிடு என்றார்.

நிமாய்தா குண்டூசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினார்.

"வண்டி ஓடுதா சார்?"

"ஓடுது."

"பாட்டு பாடுதா?"

"பாடுது."

"அப்போ நான் எதுக்கு?"

யாரோ சிரித்தார்கள். நிமாய்தா இரண்டு படி இறங்கி என்னைப் பார்த்தார். "விஸ்வகர்மா பூஜையன்னிக்குக் காலையில எழுந்து மாலை வாங்கிட்டேன். இருபது வருஷப் பழக்கம், கை தானா போயிடுச்சு. வாங்கினப்புறம்தான் ஞாபகம், வண்டி இல்ல. எங்கே போடறது சொல்லு. என் செருப்புக்கா?"

மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன். கையை அசைத்து நிறுத்தினார்.

"அதெல்லாம் எனக்கு வேணாம். அன்னிக்கு ஒரு சீட்டுல எழுதினே இல்ல? அதே மாதிரி இதையும் எழுதிக் குடு. ஸ்டாண்டுல காட்டணும்."

ஏணிப் படியில் வைத்து எழுதினேன். என் தமிழ்க் கையெழுத்தைவிட வங்காளக் கையெழுத்து நன்றாக இருக்கும். 'ஒயரை யாரும் வெட்டவில்லை. நான் செட் பொருத்தியபோது தகரத்தில் மாட்டி நசுங்கியது. தவறாகச் சொன்னதும் நான்.' பேர், கையெழுத்து. அதே மஞ்சள் துண்டைப் பழைய சீட்டிலிருந்து உரித்து இதில் ஒட்டினேன். திங்கட்கிழமை நிமாய்தா கடைக்கு வந்தபோது ஷெஃபாலிதி அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்தினார். ரகுநாதன் சாரிடம் நிமாய்தா திரும்பிப் போகவில்லை.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்தக் கடையில் இருந்தேன். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் செட் காரோடேயே பிறக்க ஆரம்பித்தது. வெளியே எடுக்கவே முடியாதபடி டாஷ்போர்டோடு வார்த்த செட். என் கைக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது, கால் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்து, ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற சால்ட் லேக் பக்கம் தாவிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மனசில் நிற்பது ஒரே ஒரு மத்தியானம்தான்.

பந்தலுக்கு அடுத்த சித்திரை. ஒரு கறுப்புக் கார் கடை வாசலில் நின்றது, நிமாய்தா இறங்கினார். ஒரு டாக்டரிடம் வேலை கிடைத்திருந்தது. பின்பக்கம் வலது ஸ்பீக்கர் பாடவில்லை என்றார், என் முகத்தைப் பார்க்காமல். உட்கார்ந்து ஹாரன், லைட் எல்லாம் போட்டுக் காட்டினார். நான் டாஷ்போர்டைத் திறக்கக் குனிந்ததும் இறங்கிப் போய், காரின் பக்கவாட்டில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் கூரை மேல் விரித்து வைத்துக்கொண்டார். தெருவில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி.

"நிமாய்தா, கறுப்பு வண்டி, தகரம் கொதிக்குது. கையை எடுங்க."

"நீ வேலையைப் பாரு. கை இங்கேயே இருக்கும்."

செட்டை வெளியே இழுத்தேன். கனெக்டரைக் கழற்றினேன். ஊதா ஒயரின் பின் பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. வெளியே எடுத்துவந்து வெளிச்சத்தில் அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"தண்ணி புகுந்திருக்கு தாதா. பார்த்தேன். நீங்களும் பாருங்க."

கூரையிலிருந்து கையை எடுக்காமலே கழுத்தை மட்டும் நீட்டி, அந்தப் பச்சையை நிமாய்தா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையை எடுத்தார். உள்ளங்கை இரண்டும் செக்கச் சிவந்திருந்தது.